பாட்டு, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம் கத்துக்கற பிள்ளைங்களும் வீட்டுக்காரங்களும் அடிக்கடி கேக்கற கேள்விங்க: கடலூர், பாண்டி பக்கம்

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன், வயலின் வாசிக்கறேன், வீட்லயே கிளாஸ் எடுக்கறேன், சனி ஞாயிறு பஸ் ஏறி பாண்டி முத்தியால்பேட்டைக்குப் போயி அங்கயும் எடுக்கறேன். பக்கவாத்தியமா கச்சேரிக்குப் போக ஆரம்பிச்சு 17 வருஷம் ஆச்சு. பிள்ளையைச் சேக்க வர்றவங்களும், காலேஜ் முடிச்சுட்டு அடுத்து என்னன்னு தெரியாம நிக்கற பசங்களும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், எழுதி வச்சுட்டா அவங்கவங்க பொறுமையா படிச்சுக்கலாம்னு எழுதறேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு சங்கீதத்துல முன்னுக்கு வர முடியாது, சென்னைக்குக் குடி போனாத்தான் உண்டுன்னு நிறைய பேரு நம்பறாங்க, எனக்கு அதுல துளிகூட உடன்பாடு கிடையாது.

எந்த வயசுல சேக்கலாம்?

பாட்டுன்னா அஞ்சு ஆறு வயசு சரியா இருக்கும். அதுக்கு முன்னாடி வீட்ல நல்ல பாட்டு ஓடிக்கிட்டு இருந்தாலே போதும், காது அதுவா பழகும். வயலினுக்கு ஏழு எட்டு வயசுல வரலாம், சின்ன கைக்கு அரை சைஸ், முக்கால் சைஸ் வயலின் இருக்கு. நாதஸ்வரத்துக்கு மூச்சு வலு வேணும், அதனால பத்து பன்னண்டு வயசாகட்டும்னுதான் பெரியவங்க சொல்லுவாங்க. பதினஞ்சு வயசாயிடுச்சே லேட்டான்னு கேக்கறவங்களுக்கு, லேட் இல்லைங்க, வாங்க.

சேத்து எட்டு மாசம் ஆச்சு, இன்னும் சரளி வரிசையிலயே நிக்குது. பாட்டு எப்ப சொல்லித் தருவாங்க?

இந்தக் கேள்வியை என்கிட்ட கேக்காத அம்மாவே கிடையாது. கேக்கறதுல தப்பில்ல, பக்கத்து வீட்டுப் பாப்பா நாலு மாசத்துல ஸ்கூல் ஆண்டு விழாவுல சாமி பாட்டு பாடிடுச்சு, நம்ம பிள்ளை மட்டும் இன்னும் ஸரிகமன்னு சொல்லிக்கிட்டு இருந்தா கவலை வரத்தான் செய்யும்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசைன்னு ஆரம்ப ஸ்வரப் பயிற்சிங்க, அப்பறம் ஏழு தாளத்துல அலங்காரம், இது எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்துல வரும். இந்த முறையை ஏற்படுத்தினது புரந்தரதாசர்னு (1484–1564) நம்ம மரபுல சொல்லுவாங்க. ஏன் இந்த ராகம்னா, ஸரிகமவுல ஸ்வரங்க எவ்ளோ எவ்ளோ தள்ளி உக்காந்திருக்கோ அதே மாதிரி பதநிஸவுலயும் உக்காந்திருக்கும், கீழ்ப் பாதியை ஒழுங்கா பிடிச்சுட்டா மேல் பாதி பழகின வழி மாதிரி வரும், அதோட ஸவும் ரியும் ரொம்ப நெருக்கம், ரியும் கவும் ரொம்ப தூரம், காதுக்கு ரெண்டு அளவும் முதல்லயே பழகிடுது. இதையே மூணு காலத்துல பாடணும். முதல் காலத்துல தாளத்தோட ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், அடுத்து ரெண்டு, அடுத்து நாலு, கை மட்டும் வேகம் மாறாம போட்டுக்கிட்டே இருக்கணும். மூணாம் காலம் வந்ததும் கை தானா வேகமெடுக்கும் பாருங்க, அந்த இடத்துல கையைக் கட்டுப்படுத்தக் கத்துக்கறதுக்கு சில பிள்ளைங்களுக்கு மூணு மாசம் ஆகும், சிலதுக்கு ஆறு மாசம். அதுக்கப்பறம் மலஹரி ராகத்துல கீதம்னு சின்னப் பாட்டு, அடுத்து ஸ்வரஜதி, வர்ணம், பின்னாடிதான் கிருதிங்கற முழுப் பாட்டு. வர்ணத்தை ரெண்டு காலத்துல அசையாம பாடற பிள்ளைக்கு எந்தக் கிருதியும் சீக்கிரம் வந்துடும். அடிப்படையைத் தாவிட்டு வந்த பிள்ளைங்களை நான் பக்கத்துல உக்காந்து வாசிக்கும்போது பாத்திருக்கேன், கல்பனாஸ்வரம்னு அங்கயே ஸ்வரம் கோத்துப் பாட வந்ததும் ரெண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தோட ரெண்டு சுத்து) மேல தாங்காது, தாளம் கையை விட்டுப் போயிடும், அப்ப அது முகத்துல வர்ற பயம் இருக்கே, பக்கத்துல இருக்கற நமக்கே மனசு கஷ்டமா போயிடும்.

அதனால எட்டு மாசம் சரளி வரிசைன்னா சந்தோஷப்படுங்க, உங்க டீச்சர் நல்ல டீச்சர்.

தினமும் எவ்ளோ நேரம் சாதகம் (பயிற்சி) பண்ணணும்?

ஸ்கூல் பிள்ளைன்னா காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி, ஆனா தினமும். ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் உக்கார வைக்கறது கணக்குல சேராது. இதையே தொழிலா எடுத்துக்கப் போறேன்னு முடிவு பண்ணின பசங்க பதினாறு பதினேழு வயசுல இருந்து தினம் மூணு மணி நேரத்துக்குக் குறையாம உக்காரணும், காலேஜ்ல இசை படிக்கற நாலஞ்சு வருஷம் அதுக்கும் மேல. அந்த வயசு போனா அவ்ளோ நேரம் யாரும் தர மாட்டாங்க.

எப்படி உக்காரணும்ங்கறதும் முக்கியம். என் குரு வீட்ல விடிகாலை அஞ்சு மணிக்குப் போயிடுவேன், அவர் காபி போட்டுக்கிட்டே உள்ள இருந்து கேப்பார், நான் கூடத்துல காலை மடக்கி உக்காந்து வயலின் தலையைக் கணுக்கால்ல சாச்சு வச்சுக்கிட்டு ஒரே ஒரு ஸ, முழு வில்லையும் இழுத்து, அடியில இருந்து நுனி வரைக்கும், திரும்ப நுனியில இருந்து அடி வரைக்கும், சத்தம் எங்கயும் கூடவும் கூடாது குறையவும் கூடாது. இருபது நிமிஷம் இது மட்டும்தான். வில்லு திரும்பற எடத்துல ஒரு சின்ன முடிச்சு மாதிரி கேட்டா உள்ள இருந்து டம்ளரை டக்குன்னு வைக்கற சத்தம் வரும், அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்ல மாட்டார். அந்த டம்ளர் சத்தம் வராம ஒரு நாள் முழுசா இருபது நிமிஷம் போச்சு, நான் சேந்து பதினாலாவது மாசம் அது.

இப்ப போன்ல தம்பூரா ஆப் இருக்கு, ரெகார்டர் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை உங்க சாதகத்தை ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேளுங்க, அன்னைக்கே கேக்க வேணாம். மறுநாள் கேட்டா தப்பு எல்லாம் தனியா தெரியும்.

தனி குருவா, அரசு இசைப்பள்ளியா, காலேஜா, எது நல்லது?

முடிஞ்சா ரெண்டும். குருகிட்டதான் சங்கீதம் வரும், சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் வேலைக்கு விண்ணப்பம் போட முடியும், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம்.

நம்ம பக்கம் என்ன இருக்குன்னு சொல்றேன். தமிழ்நாட்டுல 17 ஊர்ல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, கடலூர்லயும் இருக்கு. மூணு வருஷப் படிப்பு, 12ல இருந்து 25 வயசு வரைக்கும் சேரலாம், பாட்டு, வயலின், மிருதங்கம், பரதம், நாதஸ்வரம், தவில், தேவாரம்னு பிரிவுங்க. ஏழாவது படிச்சிருக்கணும், நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும். பீஸ் ரொம்பக் கம்மி, படிக்கற பிள்ளைங்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. இவ்ளோ கைக்கெட்டற தூரத்துல இருக்கறது நம்ம ஊர்க்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியல, அதுதான் எனக்கு வருத்தம்.

டிகிரிக்கு சிதம்பரம். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929ல இசைக் கல்லூரியா ஆரம்பிச்சது, பின்னாடி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சேந்துச்சு. டைகர் வரதாச்சாரியார், எம்.எம். தண்டபாணி தேசிகர் மாதிரி ஆளுங்க சொல்லிக் குடுத்த எடம் அது, கடலூர்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், அவ்ளோதான். பாண்டிக்காரங்களுக்கு அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கு, புதுச்சேரி அரசு நடத்தறது, இசை, நடனம், ஓவியம் சிற்பம் எல்லாம் அங்க டிகிரி படிக்கலாம். வெளியூர் போகத் தயார்னா சென்னை, திருவையாறு, மதுரை, கோயம்புத்தூர்ல அரசு இசைக் கல்லூரிங்க இருக்கு, இதுங்க சென்னையில 2013ல வந்த இசைப் பல்கலைக்கழகத்தோட சேந்தது.

காலேஜ்ல சேந்தவங்களுக்கு ஒண்ணு, கிளாஸ் முடிஞ்சதும் ஹாஸ்டலுக்கு ஓடாதீங்க. அங்க பாட்டு படிக்கறவங்க, மிருதங்கம் படிக்கறவங்க, வயலின் படிக்கறவங்க எல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கீங்க, சாயங்காலம் சேந்து உக்காந்து வாசிச்சா காசு குடுக்காம பக்கவாத்தியத்தோட பழக முடியும், வெளிய வந்தப்பறம் அந்த வாய்ப்பு வரவே வராது.

லோயர், ஹையர் எக்ஸாம் எழுதணுமா?

எழுதி வைங்க. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தற தொழில்நுட்பத் தேர்வு அது, பள்ளிக்கூட இசை டீச்சர் வேலைக்கு அதுவும் அதுக்கப்பறம் டிடிசிங்கற தொழில் ஆசிரியர் சான்றிதழும் உதவும். ஹையர் பாஸ் பண்ணிட்டா வித்வான்னு நினைக்காம இருந்தா சரி.

பையனுக்கு குரல் உடைஞ்சு போச்சு, பாட்டை நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. மகரக்கட்டு எல்லா பையனுக்கும் பன்னண்டுல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள வர்றதுதான், குரல்வளை பெருசாகுது, உள்ள இருக்கற நாண் நீளமாகுது, அதனால குரல் கீழ இறங்குது. நேத்து வரைக்கும் அஞ்சு கட்டையில (கட்டைன்னா ஸ்ருதி எவ்ளோ உசரம்ங்கற அளவு) ஜோரா பாடின பிள்ளை இன்னைக்கு மேல் ஸ்தாயில கிறீச்சுனு போவான், கீழ காத்து மட்டும் வரும், வகுப்புல பொண்ணுங்க முன்னாடி வெக்கமா போயி வாயையே தொறக்க மாட்டான்.

என் தோழிகிட்ட பாட்டு கத்துக்கிட்ட ஒரு பையன், தேவனாம்பட்டினத்துல இருந்து சைக்கிள்ல வருவான், அப்பா மீன்பிடி படகுல வேலை. அப்படி ஒரு குரல் அவனுக்கு. பதிமூணு வயசுல உடைஞ்சுது. அவங்க வீட்ல யாரோ சொன்னாங்கன்னு தினமும் காலையில கத்தி கத்தி மேல் ஸ்தாயி பாட வச்சிருக்காங்க, குரல் திரும்பி வந்துடும்னு. ரெண்டு மாசத்துல பேசறதே கரகரன்னு ஆயிடுச்சு. என் தோழி அவனைக் கூப்பிட்டு ஸ்ருதியை ரெண்டு கட்டைக்கு இறக்கி, மந்திர ஸ்தாயில (கீழ் ஸ்தாயி) மட்டும் மெதுவா ‘அ’ன்னு இழுக்கற அகாரம், மத்த நேரம் பூரா பாட்டு கேக்கறது, ஸ்வரம் எழுதறது, தாளம் போடறது, அதோட என்கிட்ட அனுப்பி வயலின். ஒன்றரை வருஷம் போச்சு. இப்ப அவன் குரல் கனமா, ஒன்றரை கட்டையில, கோயில்ல மைக் இல்லாம பாடினா தூண் வரைக்கும் கேக்குது. கரகரப்பு மாசக்கணக்கா போகலேன்னா மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

ஆன்லைன் கிளாஸ் போதுமா?

வர்ணம் தாண்டின பிள்ளைக்கு, பெரிய வித்வான் வேற ஊர்ல இருக்கார்னா, நல்லதுதான். ஆரம்பப் பிள்ளைக்கு வேணாம்னுதான் சொல்வேன். நெட்ல சத்தம் கொஞ்சம் தாமதமா வரும், ரெண்டு பேரும் சேந்து பாடவோ தாளம் போடவோ முடியாது, அதோட வில்லு பிடிக்கற விரலை ஸ்க்ரீன்ல திருத்த முடியாது, கையைத் தொட்டு மடக்கி வச்சுத்தான் ஆகணும்.

வாத்தியம் எங்க வாங்கறது, எப்படிப் பாத்துக்கறது?

வாங்கப் போகும்போது சொல்லிக் குடுக்கறவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரம்தான், தஞ்சாவூர்ல வீணை செய்யறவங்க நம்ம பண்ருட்டி பலாவைத்தான் தேடி வாங்குவாங்க, நம்ம மாவட்டத்து மரம் ஊர் ஊரா பேசிக்கிட்டு இருக்கு. நாதஸ்வரம்னா நரசிங்கம்பேட்டை, ஆச்சா மரத்துல கடையறது, 2022ல புவிசார் குறியீடு கெடச்சுது.

நம்ம ஊரு கடல் காத்துக்குத் தனி கவனம் வேணும். உப்புக் காத்துல வயலின் கம்பி சீக்கிரம் துருப் பிடிக்கும், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச பருத்தித் துணியால கம்பியையும் கம்பிக்குக் கீழ விழுந்த ரோஸின் பொடியையும் தொடச்சுட்டு பெட்டியில வைங்க. மழைக்காலத்துல மிருதங்கத் தோல் இளகி ஸ்ருதி இறங்கும், வார் கட்டறவர் யாருன்னு ஐப்பசிக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

அரங்கேற்றம் எப்ப பண்ணலாம்?

ரெண்டரை மணி நேரக் கச்சேரிக்கு உருப்படி (பாடற பாட்டுங்க) சேந்தப்பறம்னு குரு சொல்லும்போது. மண்டபம், பட்டு, வீடியோ, சாப்பாடுன்னு கடன் வாங்கிப் பண்ற அரங்கேற்றத்துல எனக்கு மனசு ஒப்பறதில்ல. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நல்ல வாத்தியம் வாங்கலாம், இல்லேன்னா பத்து கோயில்ல பக்கவாத்தியத்தோட பாட வைக்கலாம்.

முதல் மேடை கோயில்தாங்க. நவராத்திரி ஒன்பது நாளும் நம்ம தெருவுலயே கொலுவும் கோயிலும் இருக்கு. பாடலீஸ்வரர் கோயில் உற்சவத்துல நான் முதல்ல வாசிச்சப்ப எனக்குப் பதினேழு வயசு, எதிர்ல பத்துப் பாட்டிங்க, ஒரு பக்கம் பொங்கல் குடுக்க வரிசை, ராகம் வாசிக்கும்போது மணி அடிச்சுட்டாங்க, தீபாராதனை, எல்லாரும் எழுந்து சாமியைப் பாத்துத் திரும்பிட்டாங்க. வில்லை நிறுத்தறதா வேணாமான்னு தெரியல. பக்கத்துல மிருதங்கம் வாசிச்ச மாமா கண்ணாலயே வாசின்னார். வாசிச்சேன். தீபாராதனை முடிஞ்சு திரும்பினவங்கள்ல ஒரு பாட்டி, இப்ப வாசிச்சது காம்போதியாம்மான்னு கேட்டாங்க. காம்போதிதான்.

மார்கழி சீசன்ல சென்னையில வாய்ப்பு எப்படி வாங்கறது?

மியூசிக் அகாடமி 1928ல ஆரம்பிச்சதுல இருந்து டிசம்பர் கச்சேரிங்க அங்க வழக்கமாச்சு, இப்ப சின்னதும் பெருசுமா நிறைய சபாங்க. புதுசா வர்றவங்களுக்கு மத்தியான நேரம், டிக்கெட் கிடையாது, கச்சேரி ஒரு மணி ஒன்றரை மணி நேரம். சபாக்களுக்கு மாசக்கணக்குல முன்னாடியே விண்ணப்பமும் ரெக்கார்டிங்கும் அனுப்பணும், வெட்டி ஒட்டாத ரெக்கார்டிங்கா இருக்கட்டும், ஒரு ராகம், ஒரு கிருதி, கல்பனாஸ்வரம், இருபது நிமிஷம் போதும். போட்டிங்க, இளைஞர் விழாங்க மூலமா வர்றது இன்னொரு வழி, இதுல கேட்டு எடுக்கறவங்க ஜெயிச்ச பிள்ளைங்களைக் கவனிச்சு வச்சுக்கறாங்க.

காசு கேட்டா குடுக்காதீங்க. எனக்கு இருபத்தோரு வயசுல ஒரு சபாவுல இருந்து என் கூட பாடற பொண்ணுக்கு போன் வந்துச்சு, ஸ்லாட் இருக்கு, ஆனா ஸ்பான்ஸர்ஷிப்னு ஒரு தொகை நீங்கதான் கட்டணும்னு. அவங்கப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டினார். கடலூர்ல இருந்து நாங்க மூணு பேரும் காலையில நாலு மணி பஸ்ல போனோம், பாடினோம், ஹால்ல ஏழு பேர், அதுல நாலு பேர் எங்க வீட்டு ஆளுங்க. சர்ட்டிபிகேட்கூட தரல. அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடினா, ஆனா அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் சீசன் பேச்சே எடுக்கல. சபா சன்மானம் தர முடியாத சின்ன சபான்னா புரிஞ்சுக்கலாம், பக்கவாத்தியக்காரங்களுக்கு நாம கையில இருந்து குடுத்துக்கலாம், ஆனா மேடைக்கே விலை வச்சா அந்த மேடை வேணாம்.

டிசம்பர்ல ஒரு வாரம் கேக்கறதுக்குன்னே போங்க. மத்தியானக் கச்சேரி இலவசம், காலையிலயே போயிட்டா ஒரே நாள்ல மூணு கச்சேரி கேக்கலாம். மத்த பதினோரு மாசம் நம்ம ஊர்ல இருந்தே சாதகமும் பண்ணலாம் மேடையும் ஏறலாம்.

ரேடியோ ஆடிஷன் இன்னும் தேவையா?

தேவைதான். பாண்டியில ஆகாசவாணி நிலையம் இருக்கு, கடலூர்க்காரங்களும் அங்க விண்ணப்பிக்கலாமான்னு நிலையத்துலயே கேட்டுக்கோங்க. யார் பாடறாங்கன்னு தெரியாம, குரலை மட்டும் கேட்டு மார்க் போடறாங்க. பி, பி-ஹை, ஏ, டாப்னு கிரேடு. கிரேடு கெடச்சா நிகழ்ச்சிக்குக் காசு வரும், கச்சேரி நோட்டீஸ்ல பேருக்குக் கீழ போடலாம், கோயில் கமிட்டிக்காரங்க அதைப் பாப்பாங்க. ஒரு தடவை கெடைக்கலேன்னா அழ வேணாம், எனக்கும் ரெண்டாவது தடவைதான் கெடச்சுது, முதல் தடவை தாளம் தப்பல, ஸ்ருதி தப்பல, பயத்துல எல்லாத்தையும் வேகமா வாசிச்சுட்டேன். 16ல இருந்து 24 வயசு வரைக்கும் இருக்கறவங்களுக்கு ஆகாசவாணி தனியா இசைப் போட்டி வச்சிருக்கு, அதையும் விடாதீங்க.

ஸ்காலர்ஷிப் ஏதாச்சும் உண்டா?

உண்டு, நிறைய பேரு கேட்டே தெரிஞ்சுக்கறதில்ல. மத்திய அரசோட சிசிஆர்டி (கலாசார வளம், பயிற்சி மையம்) தர்றது 10ல இருந்து 14 வயசுப் பிள்ளைங்களுக்கு, புதுப்பிச்சுக்கிட்டே போனா காலேஜ் வரைக்கும் வரும். 18ல இருந்து 25 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு மத்திய கலாசார அமைச்சகத்தோட இளம் கலைஞர் உதவித்தொகை, மாசம் 5000 ரூபா, ரெண்டு வருஷம், அஞ்சு வருஷமாவது குருகிட்ட கத்துக்கிட்டு இருக்கணும். நேர்ல பாடிக் காட்டணும், ராகம் பத்திக் கேள்வியும் கேப்பாங்க. தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல கலைமன்றம் குடுக்கற விருது இருக்கு, 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 19ல இருந்து 35 வரைக்கும் கலை வளர்மணி.

நாதஸ்வரம், தவில் கத்துக்கிட்டா மதிப்பு இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேக்கும்போதே எனக்குத் தொண்டை அடைக்கும். ராக ஆலாபனையை மணிக்கணக்குல விரிச்சு வாசிச்சுக் காட்டினது நாதஸ்வரக்காரங்கதான், பாட்டுக்காரங்களே டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட (1898–1956) தோடியைக் கேட்டுக் கத்துக்கிட்டாங்க. தொழில்னு பாத்தா, வயலின் படிச்ச நான் முதல் சம்பளம் பாக்க ஆறு வருஷம் ஆச்சு, என்கூட இசைப்பள்ளியில தவில் படிச்ச பையன் ரெண்டாவது வருஷமே கல்யாணத்துக்குப் போக ஆரம்பிச்சுட்டான். கோயில்கள்ல அறநிலையத்துறை பணியிடமும் உண்டு. கஷ்டம் எங்கன்னா, வைகாசி ஆவணியில ராத்திரி பகலா ஓட்டம், ஆடி மார்கழியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கோயில் மட்டும்தான். அதோட மண்டபத்துல கெட்டி மேளம் கெட்டி மேளம்னு கத்தறதைத் தவிர யாரும் வாசிப்பைக் கேக்கறதில்ல, சாப்பாட்டுப் பந்தியில கடைசியா உக்கார வைக்கறாங்க. நீங்க கல்யாணம் பண்ணினா மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்கு ஒரு அரை மணி நேரம் மைக்ல பாட்டு போடாம நாதஸ்வரத்தை வாசிக்க விடுங்க, முன்னாடி நாலு நாற்காலி போட்டு உக்காந்து கேளுங்க. பொண்ணுங்களும் கத்துக்கலாம், கத்துக்கிட்டும் இருக்காங்க.

தேவாரம் படிச்சா கோயில் வேலை மட்டும்தானா?

ஓதுவார் பணி முதல்ல வரும், அதோட நிக்கறதில்ல. நம்ம மண்ணு இதுக்குன்னே இருக்கற மண்ணு. அப்பர் பொறந்தது திருவாமூர், சூலை நோய் தீந்து கூற்றாயினவாறுன்னு முதல் பதிகம் பாடினது திருவதிகை, ரெண்டும் பண்ருட்டி பக்கம். கல்லுல கட்டிக் கடல்ல போட்டு அவர் கரையேறினதா சொல்ற எடம் கடலூர்லயே கரையேறவிட்டகுப்பம், ஈன்றாளுமாய்னு பாடினது நம்ம பாடலீஸ்வரர் முன்னாடி. அந்த முதல் பதிகம் கொல்லிங்கற பண் (பழைய தமிழ் ராகம்), இப்ப நவரோஜ் ராகத்துல பாடறாங்க. கௌசிகம்னா பைரவி, பழம்பஞ்சுரம்னா சங்கராபரணம். பாட்டு கத்துக்கற எல்லா பிள்ளைக்கும் பத்துப் பதிகமாவது சொல்லித் தரணும்ங்கறது என் ஆசை, சொல்லு புரிஞ்சு பாடினா ராகபாவம் தானா வருது.

இதை நம்பி சாப்பிட முடியுமா?

கச்சேரியை மட்டும் நம்பினா ஆரம்பத்துல முடியாது, இதை மறைச்சு சொல்றதுல பிரயோஜனம் இல்ல. என் கணக்கைச் சொல்றேன். மாசத்துல பாதி வருமானம் கிளாஸ்ல வருது. அடுத்தது பரதநாட்டியம், அரங்கேற்றத்துக்கும் சலங்கை பூஜைக்கும் வயலின், மிருதங்கம், பாட்டு, நட்டுவாங்கம் எல்லாருக்கும் வேலை, சிதம்பரத்துல மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி 1981ல இருந்து நடக்குது, அந்த நாளுங்கள்ல நம்ம பக்கத்து ஆர்கெஸ்ட்ரா ஆளுங்க ஒரே ராத்திரியில மூணு நாலு ஊர் மேடைக்கு ஓடுவோம். அப்பறம் கல்யாண ரிசப்ஷன், கோயில், ரேடியோ. கச்சேரி சன்மானம் எனக்கு இன்னைக்கும் கடைசி பங்குதான், ஆனா அந்தக் கச்சேரிதான் மத்த எல்லாத்தையும் கொண்டு வருது.

நிலையான வேலைன்னா அரசுப் பள்ளி இசை ஆசிரியர், கேந்திரிய வித்யாலயா, தனியார் பள்ளி, எம்.ஏ. முடிச்சு நெட்ங்கற காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினா காலேஜ். பி.காமோ இன்ஜினியரிங்கோ படிச்சுட்டு வேலையில இருந்துக்கிட்டே வாசிக்கறவங்களும் நல்ல வித்வான்களா இருக்காங்க, அது குறைச்சல் கிடையாது.

பொண்ணை தனியா கிளாஸுக்கு அனுப்பலாமா? கூட உக்காரலாமா?

உக்காருங்க. பையனா இருந்தாலும் உக்காருங்க. கூட இருக்கக் கூடாதுன்னு ஒரு டீச்சர் சொன்னா, கதவை மூடிக்கிட்டு எடுப்பேன்னு சொன்னா, எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் வேற எடம் பாருங்க. குரு பக்தி வேற, வாயைத் தொறக்காம இருக்கறது வேற. வெளியூர்க் கச்சேரிக்குப் போனா தங்கற எடம், திரும்பற வண்டி எல்லாம் முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. கல்யாணத்துக்கு வரன் பேசும்போதே பொண்ணு வாசிக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வரும்னு சொல்லிடுங்க, எங்க வீட்ல எங்கப்பா அப்படித்தான் சொன்னார்.

பத்தாவது, பன்னண்டாவது வந்தா நிறுத்தணுமா?

ஒரு வருஷம் நிறுத்தினா திரும்பி வர்றது பத்துல ரெண்டு பிள்ளைங்கதான், என் கிளாஸ்ல பாத்த வரைக்கும். கிளாஸை மாசம் ரெண்டாக் குறைச்சுக்கோங்க, தினம் இருபது நிமிஷம் மட்டும் விடாதீங்க. பரீட்சைக்குப் படிச்சு தலை சூடான பிள்ளைக்கு அந்த இருபது நிமிஷம் நல்லதுதான் பண்ணும்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டு வரணும்?

வெத்தலை, பாக்கு, ரெண்டு வாழைப்பழம், தட்டுல உங்களால முடிஞ்ச காசு, பதினோரு ரூபான்னாலும் சரி. கோடு போட்ட நோட்டு ஒண்ணு, பென்சில், அழிக்கற ரப்பர். வயலின் அன்னைக்கே வாங்கிட்டு வர வேணாம், முதல் மூணு வாரம் என்கிட்ட இருக்கற வயலின்லயே வாசிக்கட்டும், கை அளவு பாத்துட்டு சைஸ் சொல்றேன். பிள்ளைக்கு இடது கை நகம் வெட்டிக் கூட்டிட்டு வாங்க.